வருத்தம் எந்த வழியாக வரும்?

திருகோணமலையில் தாதியாக இருந்து, கடைசிப் பத்து ஆண்டுகள் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில்தான் முடிகின்றன: "ஒதுக்கி வைக்க வேண்டுமா?" அதற்கு நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். இந்த வருத்தம் பரவுவது காற்றாலா, தும்மல் துளியாலா, கையாலா, நுளம்பாலா? அது தெரிந்துவிட்டால் எதைச் சாத்துவது, எதைத் திறப்பது என்பதில் குழப்பமே வராது.

அப்பாவுக்குக் காசநோய். மருந்து தொடங்கிப் பத்து நாள்கள். சாப்பாட்டுக் கோப்பை, குவளை, கரண்டி எல்லாம் தனியாக வைத்து, பின்னறையில் ஜன்னலையும் சாத்திப் படுக்க வைத்திருக்கிறோம். இன்னும் என்ன செய்ய வேண்டும்? (மூதூர்)

முதலில் எழுந்து போய் அந்த ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

காசநோய்க் கிருமி கோப்பையிலோ கரண்டியிலோ வருவதில்லை. இருமும்போது வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் காய்ந்து, மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கின்றன. அந்தக் காற்றை மூச்சில் இழுப்பவருக்குத்தான் ஆபத்து. நீங்கள் கோப்பையைப் பிரித்துவிட்டுக் காற்றைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். வைத்தியசாலைகளில் இதற்கென்று காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் அறைகள் உண்டு. நம் வீடுகளில் அந்த வேலையைக் கச்சான் காற்று செலவில்லாமல் செய்கிறது. ஒன்றை மட்டும் பாருங்கள்: காற்று அப்பாவைக் கடந்து வெளியே போக வேண்டும், கூடத்துக்குள் வரக்கூடாது. வந்தால் கூடத்துக் கதவைச் சாத்தி, வெளி ஜன்னலைத் திறந்து வையுங்கள். பகலில் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார வைத்தால் இன்னும் நல்லது.

மற்றவர்கள் அருகில் வரும்போது சாதாரண முகக்கவசத்தை அப்பா அணியட்டும், அவரிடமிருந்து வருவதை அது தடுக்கும். அவரைப் பராமரிப்பவருக்கு அது போதாது, முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 வேண்டும். சாதாரண வகைக் காசநோயானால், மருந்தை ஒழுங்காகக் குடிக்கும் பெரும்பாலானோரிடமிருந்து இரண்டு வாரங்களில் தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். ஆனாலும் மருந்து 6 மாதம். இரண்டாம் மாதத்தில் "சுகமாகிவிட்டது" என்று நிறுத்தியவர்கள் மருந்துக்கு அடங்காத காசநோயோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலுள்ள எல்லோரும், முக்கியமாக 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் காட்டிக்கொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். அப்பாவின் கோப்பையை மற்றவற்றோடு சேர்த்தே கழுவுங்கள். தன் கோப்பை தனியாகக் கவிழ்ந்திருப்பதை அவர் ஒவ்வொரு வேளையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

அம்மாவுக்கு நீரிழிவால் காலில் புண். வார்ட்டில் கட்டிலைக் கரைக்குத் தள்ளி, தலைமாட்டில் ஓர் அறிவித்தல் மாட்டியிருக்கிறார்கள். தாதியர் ஏப்ரனும் கையுறையும் போட்டே தொடுகிறார்கள். அயல்கட்டில்காரர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். அப்படி என்ன வருத்தம் மிஸி? (தம்பலகாமம்)

புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில், வழமையான நுண்ணுயிர்கொல்லிகளுக்கு அடங்காத கிருமி ஒன்று வளர்ந்திருக்கும். பெரும்பாலும் எம்.ஆர்.எஸ்.ஏ. அதன் சாதுவான உறவினர் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கிறார். உங்கள் மூக்கிலும் இருக்கலாம், என் மூக்கிலும் இருக்கலாம். ஆரோக்கியமான தோலில் அது ஒன்றும் செய்யாது. சத்திரசிகிச்சைக் காயத்தோடு பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அப்படியல்ல. இது முக்கியமாகக் கையாலும், கை தொட்ட பொருளாலும் பரவுகிறது. அதனால்தான் ஏப்ரன், கையுறை, அம்மாவுக்கென்றே தனி இரத்த அழுத்தக் கருவி.

நீங்கள் தாராளமாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசலாம். கட்டிலில் உட்காராதீர்கள், கைப்பையை மெத்தையில் வைக்காதீர்கள், புறப்படும்போது கை கழுவுங்கள். அம்மாவைப் பார்த்த கையோடு அடுத்த கட்டிலில் இருக்கும் ஊர்க்காரரைத் தடவி நலம் விசாரிக்கப் போவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை. வீட்டுக்கு வந்த பிறகு புண் மூடியிருக்கட்டும், துவாய் தனியாக இருக்கட்டும். அவ்வளவு போதும்.

கையுறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே கையுறையோடு நான்கு கட்டில்களைச் சுற்றி வந்த ஒருவரை ஒருமுறை நிறுத்திக் கேட்டேன். "என் கை சுத்தமாகத்தானே இருக்கிறது மிஸி" என்றார். அவருடைய கை சுத்தமாகத்தான் இருந்தது.

வீட்டில் சின்னவனுக்குக் கொப்புளிப்பான். வாசலில் வேப்பிலை கட்டிவிட்டோம். மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவருக்கு முன்பு வந்ததா என்று தெரியாது. (உப்புவெளி)

வேப்பிலையை நான் குறை சொல்லமாட்டேன். வைத்தியசாலைக் கதவில் நாங்கள் மாட்டும் அறிவித்தலை நம் பாட்டிமார் எப்போதோ வாசலில் கட்டிவிட்டார்கள். ஆனால் அம்மாள் வருத்தம் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள்கள் முன்பே காற்றாலும் தொடுகையாலும் தொற்றத் தொடங்கிவிடும். நீங்கள் இலை கட்டும்போது மருமகள் ஏற்கெனவே அந்தக் காற்றைச் சுவாசித்திருப்பார். ஆகவே அவரை இன்றே வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். காத்திருப்போர் வரிசையில் மற்றக் கர்ப்பிணிகளோடு உட்கார வைக்காமல், வாசலிலேயே விடயத்தைச் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தி உண்டா என்பதை இரத்தத்தில் பார்க்கலாம். இல்லையென்றால் செய்யவேண்டிய சிகிச்சைக்கு நாள் கணக்கு உண்டு, தாமதித்தால் பயன் குறையும்.

சின்னவனை முன்பு கொப்புளிப்பான் வந்தவர் பராமரிக்கட்டும். எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தனியறை. தண்ணீர் வார்க்க நல்ல நாள் பாருங்கள், தடையில்லை. ஆனால் அதுவரை உடம்பில் தண்ணீரே படக்கூடாது என்று மருத்துவத்தில் எதுவும் இல்லை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அஸ்பிரின் மட்டும் கொடுக்கவே வேண்டாம்.

டெங்கு வார்ட்டில் பகலிலும் நுளம்பு வலை எதற்கு? டெங்கு தொட்டால் தொற்றுமா? (கிண்ணியா)

தொட்டால் தொற்றாது. வலை நோயாளியிடமிருந்து நுளம்பைப் பிரிக்கிறது. காய்ச்சலின் முதல் சில நாள்கள் அவருடைய இரத்தத்தில் வைரசு இருக்கும். அப்போது கடித்த நுளம்பு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து அடுத்தவருக்குக் கொடுக்கும். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில். 2017ஆம் ஆண்டு கிண்ணியா பட்ட பாட்டைக் கண்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மூன்று பிள்ளைகளுக்கும் சொறி. கன்னியா வெந்நீரில் குளிக்க வார்த்தால் மாறுமா? (நிலாவெளி)

குளித்து வாருங்கள், உடம்புக்கு இதம். சொறிப் பூச்சி தோலுக்குள் வளை தோண்டி இருக்கிறது. நம்மால் தாங்கக்கூடிய சூட்டில் அதுவும் தாங்கிக்கொண்டு இருக்கும். வைத்தியர் தரும் பூச்சு மருந்தைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு விடாமல், சொறி இல்லாதவர் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூசவேண்டும். ஒருவர் "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்று விலகினால் அடுத்த மாதமும் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். உடுப்பு, விரிப்புகளை வெந்நீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். தோய்க்க முடியாதவற்றைப் பையில் கட்டி மூன்று நான்கு நாள்கள் வைத்தால் பூச்சி பட்டினியால் செத்துவிடும்.

வயிற்றோட்டக்காரரைப் பராமரிக்கும்போது கையில் பூசும் திரவம் போதுமா? (சீனக்குடா)

போதாது. வயிற்றோட்டம் தரும் சில கிருமிகளுக்கு அற்ககோல் ஒரு பொருட்டே இல்லை. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும், 40 முதல் 60 விநாடி வரை.

பக்கத்துக் கட்டிலைத் தொட்ட கையோடு வைத்தியர் அப்பாவின் காயத்தைப் பிரிக்க வருகிறார். கேட்கலாமா? கோபிப்பாரோ? (திருகோணமலை நகர்)

கேட்கலாம். கோபிக்கவும் கூடும். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிணத்தை அறுத்துவிட்டுப் பிரசவம் பார்க்க வந்த சக வைத்தியர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். அந்த ஏப்ரலில் அவருடைய பிரசவ வார்ட்டில் 100 தாய்மாரில் 18 பேர் இறந்தார்கள், ஜூனில் 2 பேர். அப்படியிருந்தும் பெரியவர்கள் பலர் அவர் பேச்சை ஏற்கவில்லை. கனவான்களின் கை அசுத்தமாக இருக்குமா என்பது அவர்கள் எண்ணம். ஒரு வைத்தியசாலையில் நானும் கேட்டிருக்கிறேன், அதற்காக ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாத பெரிய வைத்தியரும் உண்டு. ஆனால் அந்த மாதம் முழுவதும் அவர் கை கழுவினார்.

குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். அந்தத் திரவப் போத்தலை எடுத்து நீட்டி, "டொக்டர், இதோ" என்று மட்டும் சொல்லுங்கள்.