டாக்டர் எழுதியதைத் தாதி நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. இதயப் பலவீனத்துக்காக மருத்துவமனையில் இருந்தார். தினமும் காலையில் டிகாக்சின் மாத்திரை கொடுப்பார்கள். ஒருநாள் தாதி நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்போ வேண்டாம், டாக்டரைக் கேட்டுட்டு வர்றேன்" என்று மாத்திரையைத் திருப்பி எடுத்துப்போய்விட்டார். டாக்டர் எழுதியதைத் தாதி நிறுத்தலாமா? பக்கத்துக் கட்டிலில் அறுவை சிகிச்சை முடிந்து தூங்கிய ஆன்ட்டியையும் ராத்திரி எழுப்பி எழுப்பிப் பேசவைத்தார்கள். பாவமாக இருந்தது.
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: டாக்டரைக் கேட்கும்வரை நிறுத்தி வைக்கலாம். அன்று உங்கள் வார்டில் தாதியாக நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

டிகாக்சின் இதயம் சுருங்கும் வலுவைக் கூட்டும், துடிப்பின் வேகத்தைக் குறைக்கும். ஏற்கெனவே மெதுவாகத் துடிக்கும் இதயத்துக்கு இன்னொரு மாத்திரை போனால் ஆபத்து. அதனால் கொடுப்பதற்கு முன் ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணுவோம். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே சரிவராது. துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறவர்கள்தான் இந்த மருந்தை அதிகம் சாப்பிடுகிறார்கள். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரை அழைப்பது வழக்கம்.

இந்த மருந்தில் போதுமான அளவுக்கும் கூடிப்போன அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. சிறுநீர் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேறும். வயதாகிச் சிறுநீரகம் தளர்ந்தால் உடம்பிலேயே தங்கிச் சேரும். கூடவே ஃப்ரூசமைட் மாதிரி நீர் மாத்திரை சாப்பிட்டால் பொட்டாசியம் இறங்கும். அப்போது வழக்கமான அளவே நஞ்சாகலாம். பசி போவதும் குமட்டலும் ஆரம்ப அறிகுறிகள். சிலருக்கு விளக்கு வெளிச்சம் மஞ்சளாகத் தெரியும்.

"ஆன்ட்டி, கஞ்சி குடிச்சீங்களா?" என்று தாதி கேட்பது இதற்காகவும்தான். நம் அம்மாக்கள் "குடிச்சிட்டேன் மிஸ்ஸி" என்பார்கள். கிண்ணம் அப்படியே இருக்கும். தாதிக்குத் தொந்தரவு வேண்டாம் என்கிற அந்த நல்ல மனசை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

பக்கத்துக் கட்டில் ஆன்ட்டிக்கு வலிக்காக மார்ஃபின் போயிருக்கலாம். அது அளவு மீறினால் மூச்சைக் குறைத்துவிடும். பெரும்பாலும் அதற்கு முன்பே மயக்கம் கூடிவிடும். அதனால் மூச்சை எண்ணுவதோடு நிறுத்தாமல், கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, தெளிவாகப் பதில் சொல்கிறாரா என்றும் பார்க்கவேண்டும். தூக்கம் கெடும், உண்மைதான். ஆனால் நல்ல தூக்கத்தையும் மருந்து மயக்கத்தையும் தூரத்தில் நின்று பிரித்தறிய யாராலும் முடியாது.

சரி, அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் டிகாக்சின் தொடர்ந்தால், நாடி பார்க்கும் விதத்தைத் தாதியிடமே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். எந்த எண்ணுக்குக் கீழே போனால் மாத்திரையைக் கொடுக்காமல் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் மறுவேளை இரண்டாகக் கொடுக்கவே கூடாது. மயங்கி விழுந்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.

அப்புறம், அம்மா இருமலுக்கு அதிமதுரம் மெல்லுகிறவரா? தேக்காவில் வாங்கினாலும் சீன மருந்துக்கடையில் வாங்கினாலும், நாள்கணக்கில் சாப்பிட்டால் அதுவும் பொட்டாசியத்தை இறக்கும். கை வைத்தியம்தானே என்று மறைக்க வேண்டாம். பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது லேகியம், கஷாயப் பொடி எல்லாவற்றையும் மாத்திரைப் பையிலேயே போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.