டிரம் சாண்டரில் (உருளையில் உப்புத்தாள் சுற்றிப் பலகையைத் தேய்க்கும் இயந்திரம்) புது உப்புத்தாள் சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே தளர்ந்துவிடுகிறது, ஏன்?

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கையை உள்ளே விடும் வேலை இது.

நீளப் பட்டையான தாளை டிரம்மின் மேல் சாய்வாகச் சுற்றும் வகை இயந்திரம் என்று வைத்துக்கொள்கிறேன். ஓடும்போது உராய்வில் சூடேறித் தாள் கொஞ்சம் நீளும். அந்தத் தளர்வை உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் சுற்று முடிகிற முனையில் ஸ்பிரிங் கிளிப் இருக்கிறது. தாளின் நுனியை டிரம்மில் உள்ள பிளவுக்குள் கடைசி வரை திணித்துவிட்டால், கிளிப் இழுப்பதற்கு இடமே இருக்காது. பெரும்பாலும் கோளாறு இங்கேதான். கிளிப்பை டிரம்மின் மேற்பரப்புப் பக்கமாக முழுக்கத் தூக்கி, நுனியைப் பிடிக்க விடுங்கள். நுனிக்குக் கீழே காலி இடம் இருக்கட்டும்.

சுற்றும்போது ஒரு கையால் டிரம்மைத் திருப்பி, மறு கையால் தாளை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறவே கூடாது. ஏறிய இடம் பலகையில் கோடு போடும், கருக்கவும் செய்யும். நடுவில் நூலளவு இடைவெளி விழுந்தால் பரவாயில்லை.

முனைகளைச் சாய்வாக வெட்டப் பழைய தாளையே அச்சாக வையுங்கள், அளவெடுக்கும் தலைவலி மிச்சம். தாளின் பின்புறம் அம்புக்குறி இருந்தால் அது டிரம் சுழலும் திசையைப் பார்க்க வேண்டும்.

சில பலகைகள் ஓட்டியதும் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். வேறு சொரசொரப்புள்ள தாளுக்கு மாறினால் தாளின் தடிமனும் மாறும். டிரம்மின் உயரத்தைப் புதிதாகச் சரிசெய்த பிறகே பலகையை விடுங்கள்.