அந்த நோட்டில் என்ன எழுதியிருந்தது?

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் பையன் நான்காவது, பெண் இரண்டாவது படிக்கிறார்கள். மொத்தம் 62 பிள்ளைகள், மூன்று டீச்சர் இருக்க வேண்டும். ஒருவர் போன வருடம் மாறுதலில் போனார், அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. இன்னொருவர் மகப்பேறு விடுப்பு எடுத்து ஒரு வருடம் ஜாலியாக வீட்டில் இருக்கிறார். தலைமை ஆசிரியை ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்க்கிறார், அவரும் கூட்டம், பயிற்சி என்று போய்விட்டால் சத்துணவு அக்காதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். பையனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் இன்னும் வரவில்லை. டவுனில் மெட்ரிக் பள்ளியில் இருவரையும் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். ஃபீஸ், வேன் எல்லாம் சேர்த்தால் என் வளையலை அடகு வைக்க வேண்டும். நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக வேறு இருப்பதால் மிஸ் முகத்தில் எப்படி விழிப்பது என்று தயக்கம். நல்ல மனுஷி, கையெழுத்துக்குக்கூட என்னை அலைய விடாமல் பையனிடமே நோட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார். நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: சகோதரி, பள்ளி திறந்த ஒரு மாதத்தில் இந்தக் கடிதம் எனக்கு வந்துவிடும். ஊர் பெயர் மாறும், பிள்ளைகளின் வகுப்பு மாறும், டீச்சர் இல்லை என்பது மட்டும் மாறாது. அதனால் "கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகும்" என்றெல்லாம் எழுதப் போவதில்லை. வளையலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த நோட்டைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

அதில் என்ன எழுதியிருந்தது?

படித்துப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் கடிதத்தில் ஒரு வரியாவது அதைப் பற்றி இருந்திருக்கும். அது குழுவின் தீர்மான நோட்டு. இன்ன தேதியில் கூட்டம் கூடியது, உறுப்பினர்கள் வந்தார்கள், பள்ளியின் தேவைகளைப் பேசினார்கள் என்று அதில் இருக்கும், அதற்குக் கீழேதான் தலைவி என்று உங்கள் கையெழுத்து. கூட்டமே கூடாமல் நோட்டு மட்டும் உங்கள் வாசலுக்கு வந்து போகிறது என்றால், நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் மாதாமாதம். நாளைக்கு ஓர் அதிகாரி வந்து அந்த நோட்டைப் புரட்டினால் டீச்சர் இல்லை என்று இந்த ஊரில் யாரும் வாயே திறக்கவில்லை என்றுதான் நினைப்பார். அவர் அப்படி நினைத்தால் அவர் மேல் என்ன தப்பு?

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவது உங்கள் பையன். கழித்தல் வராத பிள்ளை வகுப்பை விட்டு எழுந்து வந்து, அம்மா படிக்காமல் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறான். அவனுடைய ரேங்க் கார்டு வந்தால் ஒவ்வொரு மார்க்காகப் பார்த்து, கேள்வி கேட்டு, அப்புறம்தானே கையெழுத்துப் போடுவீர்கள்? 62 பிள்ளைகளின் கார்டு அந்த நோட்டு.

தலைவிப் பதவியை ஊரார் உங்களுக்கு மரியாதைக்காகக் கொடுத்த மாலை என்று நினைத்துவிட்டீர்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதுதான் அந்தக் குழுவின் வேலை. அதே சட்டத்தில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61லிருந்து 90 வரை மூன்று என்று கணக்கு இருக்கிறது. 26ஆம் பிரிவு அரசுப் பள்ளியில் காலியிடம் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. உங்கள் பள்ளியில் மூன்றில் ஒன்று காலி. இதைக் கேட்கும் உரிமை ஊரிலேயே முதலில் உங்களுக்குத்தான் இருக்கிறது, நீங்களோ மிஸ் முகத்தில் விழிக்கத் தயங்குகிறீர்கள்.

விடுப்பில் போன டீச்சர் "ஜாலியாக" இருக்கிறார் என்று எழுதியதையும் என்னால் விட முடியாது. இரண்டு பெற்றவர் எழுதுகிற வார்த்தையா இது? மகப்பேறு விடுப்பை 2021இல் அரசு ஒன்பது மாதத்திலிருந்து 12 மாதமாக்கியது, நல்ல காரியம். அந்த 12 மாதத்துக்கு வகுப்பறையில் யார் நிற்பது என்பதற்கு ஏற்பாடு செய்யாததுதான் குறை, அதைப் பச்சை உடம்புக்காரி மேல் போடாதீர்கள். தலைமை ஆசிரியையும் பாவம்தான். ஐந்து வகுப்பு, சத்துணவுக் கணக்கு, எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவு எல்லாம் ஒருத்தி தலையில். ஆனால் அவருக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்து நீங்கள் போடும் கையெழுத்து, அவரை அந்தத் தனிமையிலேயே வைத்திருக்கிறது. அவர் மேலே கேட்டால் ஒரு ஊழியரின் புலம்பலாகப் போய்விடும். பெற்றோர் குழு தீர்மானம் போட்டுக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, வளையலுக்கு வருவோம். 62இல் உங்கள் இரண்டு பேரைக் கழித்துப் பாருங்கள். 60. மூன்றாவது ஆசிரியர் இடத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி எண்ணிக்கை எடுத்துத்தான் எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்கிறார்கள், குறைந்த இடத்தில் இருப்பவர் உபரி ஆகிவிடுவார். நீங்கள் ஜூலையில் டி.சி. வாங்கினால், காலியாக இருக்கிற இடம் அப்புறம் கேட்பதற்கே இல்லாமல் போகும். தலைவியே பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டார் என்று தெரிந்தால் இன்னும் நாலு வீடு கிளம்பும். வேனுக்குக் கட்டப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அந்தச் சத்துணவு அக்காவோடு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு, யாரும் தடுக்க முடியாது. ஆனால் பொறுப்பை ஏற்றுக்கொண்டு ஒரு கூட்டம்கூட நடத்தாமல் போவதைச் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பம் என்பதை நான் வீட்டு வாசலோடு முடிந்துபோவதாக என்றைக்கும் நினைத்ததில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த வாரமே தலைமை ஆசிரியையிடம் நேரில் போய் "கூட்டம் போடுங்கள், எல்லா உறுப்பினரையும் நானே வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். தீர்மானத்தில் எந்த இடம் எந்தத் தேதியிலிருந்து காலி, யார் எதுவரை விடுப்பு, இந்த மாதம் எத்தனை நாள் பள்ளியில் ஆசிரியரே இல்லை என்று தேதி போட்டு எழுதுங்கள். பக்கத்துப் பள்ளியிலிருந்து உடனே மாற்றுப் பணியில் ஒருவரை அனுப்ப வேண்டும், காலியிடத்தை நிரப்ப வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். வட்டாரக் கல்வி அலுவலரிடம் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு பிரதி மாவட்டக் கல்வி அலுவலருக்கு. ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதே தீர்மானத்தை மறுபடி வையுங்கள், உங்கள் கணவரையும் கூட்டிப் போங்கள், அவருக்கும் இரண்டு பிள்ளைகள் அங்கேதானே படிக்கிறார்கள்.

ஊரிலேயே படித்த பெண் யாரையாவது வைத்துக்கொள்ளலாமா என்று யாராவது கேட்பார்கள். 2022இல் 13,331 காலியிடங்களை இந்தக் குழுக்கள் வழியாகவே தற்காலிகமாக நிரப்ப அரசு உத்தரவு போட்டது, அதில் 4,989 இடங்கள் இடைநிலை ஆசிரியர், அதாவது தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்களுக்கானவை. அவர்களுக்கு மாதம் 7,500 ரூபாய் என்று முதலில் அறிவித்தார்கள், அந்தச் சம்பளத்துக்கு யார் வருவார் என்ற பேச்சும் எழுந்தது, நியமன முறை நீதிமன்றம் வரை போனது. அரசு அனுமதியும் பணமும் இல்லாமல் குழு தானாக ஆள் போட முடியாது. ஆனால் அந்த வழி ஏற்கெனவே திறந்த வழி, எங்கள் பள்ளிக்கும் அனுமதி கொடுங்கள் என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழித்தலை நீங்களே இன்று இரவு சொல்லிக் கொடுங்கள். கடன் வாங்கிக் கழிப்பதற்குப் புளியங்கொட்டை போதும்: பத்துப் பத்தாகக் கட்டி வைத்து ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினால் பிடித்துக்கொள்வான்.

நோட்டு மறுபடி வாசலுக்கு வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள், பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நோட்டோடு பள்ளிக்கு நடந்து போங்கள். முத்திரை வாங்கிய நகலைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன்.