மாரடைப்புக்குப் பிறகு மீன் ஆகாதா? குடல் பாக்டீரியாவும் இதயமும்

கேள்வி: நாங்கள் காசிமேட்டில் வசிக்கிறோம். விசைப்படகில் வேலை பார்த்த என் தந்தைக்கு வயது 58. இரண்டு மாதங்களுக்கு முன்பு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மீனும் முட்டையும் சாப்பிட்டால் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றை விஷமாக்கி இதயத்துக்கு அனுப்பிவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அப்பா மீனைத் தொடுவதில்லை. மீனை நிறுத்தத்தான் வேண்டுமா? நல்ல பாக்டீரியா மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் தந்தை மீன் சாப்பிடலாம். உறவினர் சொன்னது முழுக் கற்பனையும் அன்று. அதனால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முட்டையின் மஞ்சள் கருவிலும் ஈரலிலும் உள்ள கோலின், ஆட்டிறைச்சியிலும் மாட்டிறைச்சியிலும் மிகுந்துள்ள கார்னிடைன் ஆகியவற்றைக் குடலில் வாழும் சில வகை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது டிரைமெத்திலமின் என்ற வாயு உண்டாகிறது. துறைமுகத்தருகே வாழும் உங்களுக்கு இது பழகிய பொருள்தான்: ஐஸ் கரைந்து, நேரங்கடந்த மீனிலிருந்து எழும் வாடைக்கு முக்கியக் காரணம் இதுவே. குடலில் உண்டாகும் இந்த வாயு ரத்தத்தின் வழியே கல்லீரலுக்குச் செல்ல, அங்குள்ள நொதி ஒன்று அதை வாடையற்ற வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. டிரைமெத்திலமின் ஆக்சைடு, சுருக்கமாக டி.எம்.ஏ.ஓ., என்பது அதன் பெயர். அதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கைச் சேர்ந்த ஸ்டான்லி ஹேசன் குழுவினர் (நம் பழைய ஜெயில் சாலை ஸ்டான்லி மருத்துவமனைக்கும் இவருக்கும் தொடர்பில்லை), ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட 4,007 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பொருள் மிக அதிகமாக இருந்த கால் பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்த கால் பங்கினரைவிட மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் அபாயம் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. ரத்தத் தட்டணுக்களை இது எளிதில் ஒட்டிக்கொள்ளச் செய்து, ரத்தம் உறைவதைத் தூண்டுகிறது என்று அதே குழுவினர் 2016-இல் காட்டினர். உங்கள் உறவினரின் காதுக்கு எட்டியது இந்தச் செய்தியாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் மீனிடம் வரும்போது இந்தக் கணக்கு உதைக்கிறது. உப்பு நீரில் உயிர்வாழ்வதற்காகக் கடல்மீன்கள் டி.எம்.ஏ.ஓ.வைத் தம் தசையிலேயே சேர்த்து வைத்திருக்கின்றன. ஆகவே கடல்மீன் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள், முட்டையோ இறைச்சியோ உயர்த்துவதைவிட அதிகமாகவே ரத்தத்தில் அதன் அளவு உயர்ந்து, சிறுநீரகம் நன்றாக இயங்கினால் விரைவில் இறங்கியும் விடுகிறது. அப்படியிருந்தும் வழக்கமாக மீன் உண்பவர்களிடம் இதய நோய் மரணங்கள் குறைவாகவே காணப்பட்டுள்ளன. சிறுநீரகம் தளர்ந்தாலும் இந்தப் பொருள் ரத்தத்தில் தேங்கும் என்பதால், அளவு கூடியிருப்பது நோய்க்குக் காரணமா, நோயின் அடையாளமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. என் கருத்தில், ஓர் அளவை மட்டும் பார்த்து ஒரு குடும்பத்தின் அன்றாட உணவைப் பறிப்பது நியாயமில்லை.

பாக்டீரியாக்களின் கழிவெல்லாம் கெடுதலும் அல்ல. கீரை, பயறு, சிறுதானியங்களின் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து அவை அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய சிறிய கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. மாரடைப்பில் இறந்துபோன தசையை அகற்றி, அந்த இடத்தில் உறுதியான தழும்பை உருவாக்குவது நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலை. அதற்கு இந்த அமிலங்கள் துணைபுரியக்கூடும். தைவான் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களை அழித்த பின் மாரடைப்பு உண்டாக்கப்பட்ட சுண்டெலிகள் அதிக எண்ணிக்கையில் இறந்தன. இந்த அமிலங்களை உணவில் சேர்த்தபோது நிலைமை ஓரளவு சீரடைந்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பு, 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்ட எலிகளின் இதயத்தில் சேதம் குறைவாக இருந்தது. இரண்டும் எலிகளிடம் செய்யப்பட்டவை என்பதை நாம் மறக்கக்கூடாது. மனிதர்களிடம் ஒன்று தெரியும்: இதயத்தின் பம்பு செய்யும் திறன் குறைந்தால் குடலுக்குச் செல்லும் ரத்தமும் குறைந்து, குடற்சுவர் தளர்ந்து, பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து அழற்சியைக் கூட்டக்கூடும்.

இனி உங்கள் வீட்டுச் சமையலுக்கு வருகிறேன். மத்தி, கானாங்கெளுத்தி, சங்கரா எதுவாயினும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் குழம்பாக வைத்துக் கொடுங்கள். எண்ணெயில் பொரித்ததைக் குறையுங்கள். கருவாட்டைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் பாக்டீரியா அல்ல, அதிலுள்ள உப்பு. ஆடு, மாடு இரண்டையும் எப்போதாவது, சிறிதளவு என்று வைத்துக்கொள்ளலாம். வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, சுண்டல், கேழ்வரகு ஆகியவை தினமும் ஏதேனும் ஒரு வேளை இலையில் இருக்கட்டும். சர்க்கரை நோய் இல்லையென்றால் பழைய சோறும் நல்லதே. தொட்டுக்கொள்ள ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம் போதும்.

நல்ல பாக்டீரியா மாத்திரைகள் மறுபடி மாரடைப்பு வராமல் தடுக்கும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்று இல்லாததால், அந்தப் பணத்தைக் காய்கறிக்குச் செலவிடுங்கள். காய்ச்சல், சளி என்று மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கும் வழக்கம் அப்பாவுக்கு இருந்தால் அதை நிறுத்துங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்ததாக இருந்தால் முழுமையாகச் சாப்பிட வேண்டும். ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினையும் உடன் தரப்படும் மற்றொரு மாத்திரையையும், கொழுப்பு மாத்திரையையும் எந்த உணவு மாற்றத்தை நம்பியும் ஒரு நாள்கூட விடக்கூடாது. அடுத்த பரிசோதனையின்போது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும், மீனும் முட்டையும் எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.