“எப்படியும் நீங்க மாத்திடுவீங்கதானே?”

வணக்கம் சார்,

ஆறு பேர் மட்டும் உள்ள ஒரு ஸ்டார்ட்அப்பில் இருக்கிறேன். மூன்று வருடம் கோட் எழுதிக்கொண்டிருந்தவனை நாலு மாதம் முன்பு டீம் லீட் ஆக்கினார்கள். அன்றோடு நிம்மதி போயிற்று. பகலெல்லாம் மீட்டிங், ராத்திரியில் கோட். மற்றவர்கள் எழுதிய கோடைச் சரிபார்க்கிற ரிவ்யூ எல்லாம் என்னிடம்தான் வருகிறது. கஷ்டமான வேலைகளை இன்னமும் நானேதான் செய்கிறேன். மற்றவர்களிடம் கொடுத்தால் இரண்டு மடங்கு நேரமாகிறது. ஃபவுண்டரோ வாரத்துக்கு ஒரு தடவை ‘இதுதான் அவசரம்’ என்று எதையாவது கொண்டுவருகிறார். வேலை பின்தங்குகிறது என்றால், ‘இன்னும் மூணு பேரை எடுத்துக்கோ’ என்கிறார். எனக்கு மேனேஜ்மென்ட் ஒத்துவராதோ என்று தோன்றுகிறது. பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

ஒத்துவருமா வராதா என்பது நாலு மாதத்தில் தெரிகிற விஷயம் இல்லை. அது கிடக்கட்டும். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘மற்றவர்களிடம் கொடுத்தால் இரண்டு மடங்கு நேரமாகிறது.’ அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். நானும் இதே வரியைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

நான் முதன்முதலாக லீட் ஆனபோது எங்கள் டீமில் சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒரு பையன் இருந்தான். ரிப்போர்ட்டுகளை ஃபைலாக இறக்கித் தருகிற ஒரு சின்ன வேலையை அவனிடம் கொடுத்தேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதி அனுப்பினான். வேலை செய்தது, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. கமென்ட் போட்டு விளக்க ஆரம்பித்தால் விடிந்துவிடும் என்று அன்று ராத்திரியே முக்கால்வாசியை நானே மாற்றி எழுதி மெர்ஜ் செய்துவிட்டேன், அதாவது எல்லோருக்கும் பொதுவான கோடில் சேர்த்துவிட்டேன். காலையில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவன் அனுப்பிய கோடில் எரர் வந்தால் என்ன செய்வது என்ற பகுதியே இல்லை. ஏன் என்று கேட்டேன். “எப்படியும் நீங்க மாத்திடுவீங்கதானே” என்றான். கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னான். அவன் அரைகுறையாக அனுப்புவதற்குப் பழக்கியது நான்தான் என்று உறைக்க எனக்கு இன்னும் சில நாள் ஆயிற்று.

நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். ‘என் மாற்றத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று டீமில் அனுப்புகிறார்களே புல் ரிக்வெஸ்ட், அதில் கடைசியாக முடிந்த இருபதை எடுத்து, ஒவ்வொன்றும் எப்போது திறக்கப்பட்டது, முதல் கமென்ட் எப்போது விழுந்தது, எப்போது மெர்ஜ் ஆனது என்று எழுதிப் பாருங்கள். ஒரு நாளில் எழுதிய கோட் மூன்று நாள் உங்களுக்காகக் காத்துக்கிடந்தது என்று வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ‘இரண்டு மடங்கு நேரம்’ என்கிறீர்களே, அதில் பாதி இந்தக் காத்திருப்பாகக்கூட இருக்கலாம்.

ரிவ்யூவை அவர்களுக்குள்ளேயே மாற்றி மாற்றிப் பார்க்கட்டும். பணம், லாகின், டேட்டாபேஸ் அமைப்பு, இவற்றைத் தொடுகிற மாற்றங்கள் மட்டும் உங்களிடம் வந்தால் போதும். இடைவெளி விடுவது, வரியை எங்கே உடைப்பது மாதிரியான சண்டைகளை, கோடைத் தானாகவே ஒழுங்காக அடுக்கித் தருகிற ஃபார்மேட்டரிடம் விட்டுவிடுங்கள். மெஷின் சொன்னால் யாருக்கும் மனசு நோகாது.

கஷ்டமான வேலையையும் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்துவிட்டு, அவர்கள் கோடைத் தொடும் முன் அரைமணி நேரம் உட்கார்ந்து ‘எப்படிச் செய்யப்போகிறாய்’ என்று கேளுங்கள். பாதியில் இன்னொரு தடவை கேளுங்கள். எல்லாம் முடிந்த பிறகு அடிப்படையே தப்பு என்று சொன்னால் எழுதினவருக்கும் வலி, உங்களுக்கும் ராத்திரி வேலை. நீங்கள் கோட் எழுதுவதை விட வேண்டியதில்லை. ஆனால் இனி யாரும் காத்துக்கொண்டிருக்காத கோடாகப் பார்த்து எழுதுங்கள்: மெதுவாக ஓடுகிற டெஸ்டுகள், புது கோடை சர்வரில் ஏற்றுகிற டெப்ளாய் ஸ்கிரிப்ட், பக் என்கிற நாள்பட்ட சில்லறைப் பிழைகள். நடுவில் மீட்டிங் வந்து இழுத்தாலும் யார் வேலையும் நிற்காது.

ஃபவுண்டர் விஷயத்தில் நான் பாதி அவர் பக்கம். வாடிக்கையாளர் என்ன சொல்கிறார் என்பது முதலில் அவர் காதில்தான் விழுகிறது. சின்ன கம்பெனியில் திட்டம் மாறத்தான் செய்யும். ஆனால் அந்த மாற்றத்தால் எது நின்றுபோகிறது என்பது அவர் கண்ணில் படுவதில்லை. இந்த வாரம் கையில் இருக்கும் வேலைகளை ஒரே பக்கத்தில், வரிசையாக எழுதி அவர் முன்னால் வையுங்கள். புதிதாக ஒன்று ஏறினால் ஒன்று இறங்க வேண்டும். எது இறங்குகிறது என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும். எங்கள் டீமில் வாரம் ஒருவர் என்று முறை வைத்து, திடீர் அவசரங்களை அவர் தலையில் மட்டும் கட்டினோம். முறைக்காரர் முணுமுணுப்பார், மற்றவர்கள் நிம்மதியாக வேலை பார்ப்பார்கள்.

மூன்று பேரை எடுப்பதா? தாமதமான வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் மிகப்பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். கணக்கு எளிது. ஆறு பேர் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள 15 ஜோடிகள். ஒன்பது பேர் என்றால் 36. அந்த மூன்று பேருக்கும் யார் சொல்லிக்கொடுப்பது? எல்லாம் தெரிந்த ஆள் இப்போதைக்கு நீங்கள்தான். முதலில் ரிவ்யூ வரிசை குறையட்டும், அப்புறம் ஒருவரை எடுங்கள். ஒருவரை மட்டும்.

ஒத்துவருமா என்று கேட்டீர்கள். இரண்டு மாதம் இப்படி ஓட்டிவிட்டு, லேப்டாப்பைத் தொடாமல் ஒரு வாரம் லீவு போடுங்கள். திரும்பி வரும்போது எத்தனை புல் ரிக்வெஸ்ட் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.