கடலோர விடுதிகளில் கடல் உயிர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வெளிநாட்டுக் கடற்கரை விடுதி ஒன்றில் என் குழந்தைகள் டால்பின்களோடு நீந்தி மகிழ்ந்தார்கள். ராமேசுவரத்துக்கு ஆண்டு முழுவதும் யாத்ரீகர்கள் வருகிறார்கள். இங்கும் அப்படி ஒரு காட்சிக்கூடம் அமைத்தால் உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை கிடைக்காதா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: சட்டம் இதற்கு இடம் தரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேரளம், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களில் டால்பின் காட்சிக்கூடங்கள் அமைக்கும் திட்டங்கள் பேசப்பட்டபோது, பொழுதுபோக்குக்காக டால்பின்களைப் பிடிக்கவோ இறக்குமதி செய்யவோ அனுமதி தரக் கூடாது என்று 2013 மே மாதத்தில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் மாநில அரசுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்த முடிவுக்குப் பின்னால் நம் மாநிலத்தின் கசப்பான அனுபவமும் இருந்தது. 1998-இல் சென்னையை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களுக்குள் இறந்துபோயின.

ஆனால் சட்டம் தடுக்கிறது என்பதோடு இந்தப் பேச்சை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. நம் மீனவர்கள் ஓங்கில் என்று சொல்லும் இந்த விலங்கு, கூட்டத்தோடு வாழ்ந்து, நாளொன்றுக்குப் பல பத்து கிலோமீட்டர் நீந்தி, இரையைத் தானே துரத்திப் பிடித்து உண்பது. தான் எழுப்பும் ஒலி எதன் மீதாவது பட்டுத் திரும்புவதைக் கொண்டே கலங்கிய நீரிலும் வழியையும் இரையையும் அறிந்துகொள்வது. அதைச் சிமென்ட் தொட்டியில் விட்டால், எந்தப் பக்கம் ஒலி எழுப்பினாலும் சில மீட்டரில் சுவர்தான் பதில் சொல்லும். நீரைச் சுத்திகரிக்கும் மோட்டாரின் இரைச்சல் இரவும் பகலும் ஓயாது. தொட்டிக்குப் பதிலாகக் கடலிலேயே வலையால் வேலி கட்டி வைத்திருப்பதாகச் சில விடுதிகள் பெருமையாகச் சொல்கின்றன. வலைக்கு அப்பால் உள்ள கடலை அந்த விலங்கால் கேட்க முடியும், போக முடியாது; அதை நான் சலுகையாகக் கருதவில்லை. உங்கள் குழந்தைகளிடம் அது நெருங்கி வந்ததற்கும் பாசம் காரணமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. பயிற்சியாளர் கையில் இருந்த செத்த மீனுக்காகவே அது பழக்கப்படுத்தப்பட்டிருக்கும். கனடா 2019-இல் திமிங்கிலங்களையும் டால்பின்களையும் காட்சிக்காக அடைத்து வைப்பதைச் சட்டத்தால் தடை செய்தது.

வேலைவாய்ப்பைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆயினும் இத்தகைய கூடங்களில் பயிற்சியாளரும் மருத்துவரும் வெளியூரிலிருந்து வருவார்கள். நம் பிள்ளைகளுக்குச் சீட்டுக் கிழிக்கும் வேலையும் தொட்டி கழுவும் வேலையும்தான் மிஞ்சும் என்று அஞ்சுகிறேன்.

கேள்வி: மண்டபத்தில் முன்பு கடல்பசுக்களைத் தொட்டியில் வளர்த்தார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். விஞ்ஞானிகள் செய்தது சரி என்றால் விடுதிக்காரர்கள் செய்வது எப்படித் தவறாகும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மண்டபம் முகாம்

பதில்: பெரியவர்கள் சொல்வது உண்மை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971 வரை உங்கள் ஊரில்தான் இருந்தது. வலையில் சிக்கிய கடல்பசுக்களை அங்கு 1960-களில் வைத்துப் பராமரித்தார்கள். ஆவுளியா என்றும் அழைக்கப்படும் இந்தக் கடல்பசு எப்படி உண்கிறது, எப்படி மூச்சு விடுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்து எழுதியவர்கள் அக்காலத்தில் உலகிலேயே மிகச் சிலர். அவர்களுள் மண்டபத்து ஆய்வாளர்களும் உண்டு. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

அந்த அனுபவத்தை வைத்தே இன்று நாம் வேறு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. வளர்ந்த கடல்பசு நாளொன்றுக்கு 30 கிலோவுக்கும் மேல் கடற்புல் தின்னும். அந்தப் புல்லைத் தினமும் கடலிலிருந்து பறித்து வருவதென்றால், மற்றக் கடல்பசுக்கள் மேயும் படுகையைத்தான் அழிக்க வேண்டும். ஓராண்டுக்கும் மேல் கருவைச் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈன்று, அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் இனம் அது. இந்தியக் கடல்களில் சில நூறு மட்டுமே எஞ்சியிருக்கும் நிலையில், ஒன்றைத் தொட்டியில் அடைப்பதும் கொல்வதும் இனத்தின் கணக்கில் ஒன்றுதான். தமிழ்நாடு அரசு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்பசுக் காப்பகமாக அறிவித்திருக்கிறது. இன்று ஆய்வாளர்கள் கடல்பசுவை அது மேயும் இடத்திலேயே தேடிச் செல்கிறார்கள். வலையில் சிக்கினால் மீனவர்களே வலையை அறுத்து விடுவிக்கிறார்கள். கட்டணம் வாங்கிக் காட்டுவதற்காக ஒரு விடுதி அதை அடைத்து வைத்தால், அதில் கற்பதற்கு எதுவும் இல்லை.

கேள்வி: கடற்கரையில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். வலையில் கிடைக்கும் கடல் குதிரை, கடல் அட்டை, ஆமைக்குஞ்சு ஆகியவற்றைக் கண்ணாடித் தொட்டியில் வைத்தால் விருந்தினரின் குழந்தைகள் தொட்டுப் பார்ப்பார்கள். இதில் பிழை உண்டா?
– விடுதி உரிமையாளர், ஏர்வாடி

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். கடல் குதிரையும் கடல் அட்டையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளவை. கடலாமைகளும் பவளங்களும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. வலையில் தானாகச் சிக்கியது என்பது அவற்றை வைத்திருப்பதற்கு அனுமதி ஆகாது. உயிரோடு இருந்தால் உடனே கடலில் விட வேண்டும், காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மேலும், உங்கள் ஊருக்கு எதிரே உள்ள தீவுகள் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கிருந்து எந்த உயிரையும் எடுத்துவர முடியாது.

சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், கடல் குதிரை நுண்ணிய உயிருள்ள இரையை நாளெல்லாம் தின்றுகொண்டே இருப்பது; சிறிய தொட்டியில் அது பட்டினியில் மெலிந்து சாகும். கடல் அட்டையை ஓயாமல் கையில் எடுத்தால் அது தன் குடலையே வெளியே தள்ளிவிடும். குழந்தைகள் அதைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வார்கள்?

கேள்வி: அப்படியானால் வருகிறவர்களுக்கு நாம் எதைக் காட்டுவது?
– கல்லூரி மாணவி, தொண்டி

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள காரங்காட்டுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். அங்கு வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துச் செல்கிறார்கள். வழிகாட்டுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பறவையோ நண்டோ கண்ணில் படாத நாளும் இருக்கும், அதை முன்கூட்டியே சொல்லித்தான் அழைத்துப் போக வேண்டும். படகு நடத்தும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓங்கில் கூட்டம் தென்பட்டால் துரத்தாதீர்கள். இன்ஜினை நிறுத்திவிட்டுத் தள்ளியே இருங்கள். வர விரும்பினால் அவை தாமே அருகில் வரும்.