தரை டிக்கெட் பதில்கள்

போன வாரம் ஒரு பதிலில், எனக்குப் பிடித்த நடிகர் யாரும் கதாநாயகனாக நடித்தவர் இல்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்குத்தான் இத்தனை கேள்வியும். பாதிப் பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், மீதிப் பேர் தூபம் போட்டிருக்கிறார்கள். சரி, பதில் சொல்கிறேன், ஆனால் இது விருது கொடுக்கிற இடமில்லை, என் சொந்த இஷ்டம். ஊர்ப்பாசம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

வாசகர், ஈரோடு: அக்கா, மழுப்பாமல் ஒரே வார்த்தையில் சொல்லுங்க. எம்.ஜி.ஆரா, சிவாஜியா?

1954.

கோவிச்சுக்காதீங்க தம்பி, நிஜமாகவே எனக்கு அது ஆள் சம்பந்தப்பட்ட விஷயமில்லை, வருஷம் சம்பந்தப்பட்ட விஷயம். அந்த ஒரே வருஷத்தில் சிவாஜிக்கு மனோகரா, அந்த நாள், தூக்குத் தூக்கி, எதிர்பாராதது எல்லாம் வந்தன. எம்.ஜி.ஆருக்கு மலைக்கள்ளன். ரெண்டு பேரும் சேர்ந்து நடித்த ஒரே படமான கூண்டுக்கிளியும் அதே வருஷம், அப்புறம் இவர்கள் ரெண்டு பேரையும் ஓரமாக உட்கார வைத்துவிட்டு எம்.ஆர். ராதா வந்து நின்ற ரத்தக்கண்ணீரும் அதே வருஷம்தான். இன்னொன்றும் இருக்கிறது. மலைக்கள்ளனில் எம்.ஜி.ஆருக்குப் பாடிய டி.எம்.எஸ்.தான் தூக்குத் தூக்கியில் சிவாஜிக்கும் பாடினார். அதற்கப்புறம் இருபது வருஷம் டீக்கடையில் உங்க ஆள் பெரிசா எங்க ஆள் பெரிசா என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் எல்லாம் பாட்டு என்று வந்தால் ஒரே தொண்டையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதுவும் மழுப்பல்தான் என்பீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் கூட்டம், வந்திருக்கிறது, கூட்டமாக உட்கார்ந்து பார்க்கப் போகிறோம் என்றால் எம்.ஜி.ஆர். எல்லாரும் தூங்கின பிறகு தனியாகப் பார்க்க என்றால் அந்த நாள் சிவாஜி.

வாசகர், காங்கேயம்: எங்க ஊர் என்றாலே காளையைத்தான் சொல்கிறார்கள். வில்லன்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? நம்பியாரா, அசோகனா?

ஏனுங்க, காங்கேயத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியில் பி.எஸ். வீரப்பாவை விட்டுவிட்டீர்களே! அவர் உங்க ஊரில் பிறந்தவர். இனி காளைக்கு அடுத்தபடியாக அவரையும் சேர்த்துச் சொல்லுங்க.

வீரப்பா சிரிக்கிறதை நான் உட்கார்ந்து கவனித்துப் பார்த்திருக்கிறேன். மற்ற வில்லன்கள் வசனத்தை முடித்துவிட்டுச் சிரிப்பார்கள். இவருக்கு வசனம் முடிவதற்குள்ளேயே சிரிப்பு கிளம்பிவிடும். முதலில் தோள் குலுங்கும், அப்புறம் தலை பின்னால் போகும், சத்தம் கடைசியில்தான் வந்து சேரும், வந்ததென்றால் சட்டென்று நிற்காது. கூட நிற்கிற அடியாட்கள் எப்போது சேர்ந்து சிரிப்பது, எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் முழிக்கிறதையும் பாருங்க, அது தனி வேடிக்கை.

1958-ல் வந்த வஞ்சிக்கோட்டை வாலிபனில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் அப்படிச் சுழன்று சுழன்று ஆடுகிறார்கள். இவர் நடுவில் "சபாஷ், சரியான போட்டி" என்று மூன்றே வார்த்தை சொல்கிறார். இன்றைக்கும் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ரெண்டு பேர் விலையை ஏற்றிக்கொண்டே போனால் வேடிக்கை பார்க்கிறவர் வாயில் அதுதான் வருகிறது. ஆடினவர்களுக்குக் கால் வலி, பேர் இவருக்கு.

அப்புறம், இவ்வளவு கொடூரமாகச் சிரித்த மனுஷன் படம் எடுக்கலாம் என்று இறங்கியபோது எடுத்தது என்ன தெரியுமா? ஆலயமணி, ஆண்டவன் கட்டளை. ரெண்டும் சிவாஜி படம், ரெண்டும் கர்ச்சீப் தேவைப்படுகிற ரகம்.

நம்பியாரையும் பிடிக்கும். உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு வருகிற நம்பியாரைவிட, 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த திகம்பர சாமியாரில் வேஷத்துக்கு மேல் வேஷம் கட்டிய நம்பியார்தான் எனக்குப் பிடித்தவர். அதில் அவர்தான் நாயகன். அப்படியானால் நான் போன வாரம் சொன்னதில் ஒரு ஓட்டை விழுகிறது, விழட்டும். அசோகன் வசனத்தை இழுக்கிற இழுப்பில் நமக்கு மூச்சு வாங்கும்.

வாசகி, தாராபுரம்: நாகேஷ் எங்கள் ஊர்க்காரர். தருமியா, செல்லப்பாவா?

செல்லப்பா, செல்லப்பா, செல்லப்பா.

தருமியை எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். 1965-ல் திருவிளையாடல் வந்ததிலிருந்து தருமி புலம்பாத கோயில் திருவிழா ஒலிபெருக்கி இந்தப் பக்கம் இல்லை. கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. ஆனால் அதற்கு முந்தின வருஷம் வந்த காதலிக்க நேரமில்லையில் செல்லப்பா அப்பாவுக்குக் கதை சொல்கிற காட்சி இருக்கிறதே, அதை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் பாதியில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போக முடிவதில்லை, பால் பொங்கினால் பொங்கட்டும்.

பையனுக்குப் படம் எடுக்க ஆசை, பணம் அப்பா டி.எஸ். பாலையாவிடம். பேய்க் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறான். கதை என்று ஒன்றுமே கிடையாது, காற்றுச் சத்தம், கதவுச் சத்தம், காலடிச் சத்தம் எல்லாம் நாகேஷ் வாயாலேயே வருகிறது. இதை எல்லாரும் நாகேஷ் காட்சி என்கிறார்கள். அடுத்த தடவை போடும்போது எனக்காக ஒன்று செய்யுங்க கண்ணு, நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பாருங்க. முதலில் 'இவன் என்ன உளறப் போகிறான்' என்கிற அலட்சியத்தோடு உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் அலட்சியம் போய் ஆவல் வரும். அப்புறம் கண் அகலும், உடம்பு ஒடுங்கும், எஸ்டேட் முதலாளி என்கிற மிடுக்கெல்லாம் எங்கே போனதென்றே தெரியாது, இருட்டில் தனியாக மாட்டிக்கொண்ட சின்னப் பையன் அங்கே உட்கார்ந்திருப்பான். வசனம் அவருக்குக் கிட்டத்தட்ட கிடையாது. இதைத்தான் போன வாரம் சொல்ல வந்தேன். நாயகன் வேலை தெரிகிற வேலை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவன் சரியாகக் கேட்கவில்லை என்றால் சொல்கிறவன் என்ன குட்டிக்கரணம் போட்டும் எடுபடாது. நாகேஷுக்கும் அது தெரியும், அவருடைய கண் பாலையாவின் முகத்தை விட்டு நகராது.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே என்ன தூரம்? பஸ் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். தமிழ் சினிமாவின் பெரிய சிரிப்பும் பெரிய சிரிப்பு மூட்டியும் அந்தச் சாலையின் ரெண்டு முனையில் பிறந்திருக்கிறார்கள். இதற்கு மேல் ஊர்ப்பெருமை பேசினால் மதுரைக்காரர்கள் கடிதம் எழுதுவார்கள்.

வாசகி, சேலம்: உத்தமபுத்திரன் என்றால் சிவாஜி படம்தான் என்று வீட்டுக்காரர் அடம்பிடிக்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.

சேலத்தில் குடியிருந்துகொண்டு அப்படிச் சொல்லலாமா! 1940-லேயே உங்க ஊர் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர். சுந்தரம் எடுத்துவிட்டார். பி.யு. சின்னப்பா ரெட்டை வேஷம், தமிழில் ரெட்டை வேஷத்துக்கே அதுதான் முதல் படம். சிவாஜி படம் 1958. ரெண்டில் எது பிடிக்கும் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், சின்னப்பா. சிவாஜி கெட்டவனாக நடிக்கும்போது 'எப்படி நடிக்கிறேன் பார்' என்பது கொஞ்சம் தெரியும், சின்னப்பாவுக்கு அந்தக் கவலையே இருக்காது. வீட்டுக்காரரை ஏற்காடு போகிற வழியில் இன்னும் நிற்கிற அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்குக் கூட்டிப்போய் நிறுத்திக் காட்டுங்க.

வாசகர், பெருந்துறை: பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி. யாரை மருமகளாகக் கேட்பீர்கள்?

யாரையும் கேட்க மாட்டேன். பானுமதி மாதிரி ஒரு மாமியார் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் நினைப்பேன். நடிப்பு, பாட்டு, கதை எழுதுகிறது, படம் இயக்குகிறது, சொந்த ஸ்டுடியோ, எல்லாம் ஒரே ஆள். நாடோடி மன்னனில் அவர் பாத்திரம் பாதியிலேயே செத்துப்போகிறது, அப்புறம் சரோஜாதேவி வருகிறார், படமும் வண்ணத்துக்கு மாறுகிறது. எல்லாரும் அந்த வண்ணத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். எனக்கென்னவோ கறுப்பு வெள்ளைப் பாதிதான் பிடிக்கும். எம்.ஜி.ஆரை நிமிர்ந்து பார்த்து, 'சரி, நீ என்ன சொல்லப் போகிறாய்?' என்கிற முகத்தோடு நின்ற ஒரே நாயகி பானுமதிதான். மற்றவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

சரோஜாதேவி ரசிகர்கள் கொதிக்க வேண்டாம். அன்பே வா எத்தனை தடவை போட்டாலும் எங்கள் வீட்டில் ஓடும்.

வாசகர், திருப்பூர்: எனக்கு வயது இருபத்து மூன்று. பழைய படம் போட்டால் பத்து நிமிஷத்தில் தூக்கம் வருகிறது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

நேராக அந்த நாள் போடுங்க தம்பி. 1954-ல் எஸ். பாலசந்தர் எடுத்தது. பாட்டே கிடையாது, ஒன்று கூட. நாயகன் தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான், யார் சுட்டது என்று ஒவ்வொருத்தரும் ஒரு கதை சொல்கிறார்கள், போகப் போக அவன் நாட்டைக் காட்டிக்கொடுத்த ஆள் என்று தெரிகிறது. அந்தக் காலத்தில் சிவாஜி இதை ஒத்துக்கொண்டார் என்பதே ஆச்சரியம். தூக்கம் வராது.

ரெண்டாவதாக மலைக்கள்ளன், ஏனென்றால் அது நம் கோயம்புத்தூர்ச் சரக்கு. கதை நாமக்கல் கவிஞருடையது, வசனம் கலைஞர், எடுத்தது பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம். நாயுடு அதோடு நிற்கவில்லை, தெலுங்கு, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று போய், இந்தியில் திலீப்குமாரையே வைத்து ஆசாத் என்று எடுத்தார். இன்றைக்கு 'பான் இந்தியா' என்று தோளைத் தட்டிக்கொள்கிறவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருதரம் திரும்பி ஒரு கும்பிடு போடலாம்.

நீளம் தாங்கவில்லை என்றால் கையில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு பாருங்க. நாங்கள் டென்ட் கொட்டாயில் மணலைக் குவித்து மேடு கட்டி உட்காருவோம், பின்னால் இருக்கிறவர் 'மறைக்குது' என்று தலையில் தட்டுவார், மேட்டைக் கலைத்துவிட்டு அவர் அசந்த நேரம் பார்த்துத் திரும்பக் கட்டுவோம். அந்தச் சோலியிலேயே ரெண்டு ரீல் போய்விடும்.

வாசகர், கோவை ராமநாதபுரம்: தேவர் பிலிம்ஸ் படங்களில் சிறந்த நடிப்பு யாருடையது?

யானையுடையது. உங்க பேட்டைக்காரர் சின்னப்பா தேவருக்கும் என் பதிலில் ஆட்சேபம் இருந்திருக்காது. ராஜேஷ் கன்னாவை வைத்து 1971-ல் இந்தியில் ஹாத்தி மேரே சாத்தி எடுத்து, அதையே மறுவருஷம் எம்.ஜி.ஆரை வைத்து நல்ல நேரம் என்று தமிழில் எடுத்தார். ரெண்டிலும் நாயகர்கள் மாறினார்கள், யானைகளின் முக்கியத்துவம் மாறவில்லை.

வாசகி, சத்தியமங்கலம்: ஜெய்சங்கர் படங்களில் உங்களுக்குப் பிடித்தது?

சண்டை முடிந்த பிறகும் கலையாத தலைமுடி.

வாசகர், கோபிசெட்டிபாளையம்: எதுவரைக்கும் 'பழைய படம்'? பாக்யராஜ் படத்தை என் மகள் பழைய படம் என்கிறாள். எங்களுக்கு அது அக்கிரமமாகப் படுகிறது.

எனக்கும்தான். கறுப்பு வெள்ளை என்றால் பழசு என்று ஒரு கணக்கு சொல்வார்கள், அது நிற்காது. சேலத்து அலிபாபா 1956-லேயே முழுக்க வண்ணம். உங்க பக்கத்துத் தெங்குமரஹாடாவில் எடுத்த அன்னக்கிளி 1976, அது கறுப்பு வெள்ளை. பாட்டை வைத்துப் பார்க்கலாமென்றால் அதுவும் சரிப்படாது, இளையராஜா வந்தது அன்னக்கிளியில்தான், அதையும் பழசு என்று ஒத்துக்கொள்ள என் மனசு இடம்கொடுக்கவில்லை.

நான் வைத்திருக்கிற கணக்கு இதுதான். நடித்தவர், உதைபட்டவர், லைட் பிடித்தவர் என்று எல்லார் பேரும் படம் தொடங்குவதற்கு முன்னாலேயே ஓடி முடிந்துவிட்டால் அது பழைய படம். கடைசியில், எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடும்போது ஓடினால் புதுப் படம். இந்தக் கணக்கில் பாக்யராஜ் எந்தப் பக்கம் விழுகிறார் என்று மகளோடு உட்கார்ந்து படத்தைப் போட்டுப் பார்த்து நீங்களே எழுதுங்க, அடுத்த வாரம் போடுகிறேன்.